முதல் மாத்திரை முதலாளிக்கு

வாசல்படியில் ஒரு சூட்கேஸ் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. உள்ளே இருந்த துணிகள் பாதி படியிலும் பாதி பூந்தொட்டியிலும் சிதறியிருந்தன. மாடியிலிருந்தே யாரோ தூக்கி வீசியிருக்க வேண்டும்.

"மேடம், வரவேற்பு தடபுடலா இருக்கு. கம்பளம் கிடைக்கலன்னு கட்டின துணியையே விரிச்சிருக்காங்க" என்றான் லொள்ளு.

"மிதிக்காம வா" என்றார் கறார்.

லொள்ளு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் என்பதால் ஊர் வைத்தது. கறார் மேடத்துக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தது இன்சூரன்ஸ் கம்பெனி. பொய் சொல்லி இழப்பீடு கேட்டு வந்தவர்களை வருஷக்கணக்கில் மூக்குடைத்து அனுப்பியவர். ரிட்டயரான பிறகும் அந்த வியாதி போகவில்லை, துப்பறியும் ஏஜென்சி என்று ஒரு போர்டு மாட்டிவிட்டார். போர்டைத் துடைப்பது, கார் ஓட்டுவது, திட்டு வாங்குவது எல்லாம் லொள்ளுவின் இலாகா.

ஹாலில் நுழைந்ததுமே ஒரு குரல் பாய்ந்தது.

"வாங்க, வாங்க! கொலைகாரிக்கு வக்காலத்து வாங்க ஆள் பிடிச்சுட்டு வந்துட்டாளா? இன்ஸ்பெக்டர் சார், இவங்களை உள்ள விட்டது யாரு?"

குரலுக்குச் சொந்தக்காரி முதலாளியின் தங்கை. அண்ணன் வீட்டில்தான் வாசம், அண்ணன் கம்பெனியில்தான் பேக்கிங் சூப்பர்வைசர் உத்தியோகம். சோபாவில் கால்களை நீட்டி ஒரு தலையணை மேல் வைத்திருந்தாள். எதிர் மூலையில், உட்கார யாரும் நாற்காலி காட்டாததால் நின்றுகொண்டே இருந்தாள் முதலாளியின் மனைவி. கறாருக்குப் போன் செய்தது அவள்தான். அழுது முடித்து, இனி அழ ஒன்றுமில்லை என்கிற முகம்.

"நான்தான் விட்டேன்" என்றார் இன்ஸ்பெக்டர் சலிப்போடு. "சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கட்டும். அப்புறம் இந்தம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். என் கேஸ் முடிஞ்சாச்சு."

கேஸ் இதுதான். முதலாளி தயாரித்து விற்பது திராட்சை விதைச் சத்து மாத்திரை. ரத்தம் சுத்தமாகும், முகம் பளபளக்கும், மூட்டு வலி பறக்கும் என்று டப்பா முழுக்க எழுதியிருக்கும். இடம் போதாததால்தான் கல்யாணம் கூடிவரும் என்று போடவில்லை. தினமும் காலையில் வேலை தொடங்கும் முன்னால், புதுத் தட்டிலிருந்து முதல் மாத்திரையை முதலாளி எடுத்து, தொழிலாளிகள் எல்லாரும் பார்க்க முழுங்குவார். அதற்குப் பிறகுதான் மெஷின் ஓடும். அது அந்தக் கம்பெனியின் மாறாத வழக்கம். போன வாரம் அப்படி முழுங்கியவர் கொஞ்ச நேரத்தில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. வயிற்றுக்குள் வேர்க்கடலை போயிருக்கிறது என்றார்கள் டாக்டர்கள். முதலாளிக்குச் சின்ன வயதிலிருந்தே கடலை ஆகாது. ஒரு பருப்பு போதும், உயிர் போய்விடும்.

"கம்பெனி கேட்ல வாட்ச்மேன் ஒவ்வொரு சாப்பாட்டு டப்பாவையும் மோந்து பார்த்துத்தான் விடுவான்" என்றாள் தங்கை. "அங்க கடலை நுழையவே முடியாது. காலையில அண்ணன் சாப்பிட்டது இவ கையால. ரெண்டு பேருக்கும் ஒத்தே போகாது, தினம் சண்டை. வேற யாரு பண்ணியிருப்பா, பக்கத்து வீட்டுப் பூனையா?"

"ஏங்க, பூனைக்கும் உங்க அண்ணிக்கும் ஒரே வித்தியாசம்தான்" என்றான் லொள்ளு. "பூனையை யாரும் சூட்கேஸோட தூக்கி வீச மாட்டாங்க."

"இவன் யாரு, ஜோக்கரா?"

"சம்பளத்துக்கு அப்படித்தான்."

தங்கை முழங்கை வரை சட்டைக் கையை ஏற்றிவிட்டுக் கையை நீட்டினாள். முன்கையில் நீலமும் பச்சையுமாகக் கன்றிப்போன திட்டுகள். "கேலியா இருக்கா? இதைப் பாருங்க. இவ என்னைப் பிடிச்சு இழுத்து அடிச்சது. இன்ஸ்பெக்டர் எழுதிக்கிட்டாரு."

"நான் இவளைத் தொட்டதே இல்ல" என்றாள் மனைவி. அவ்வளவு நேரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. "இப்ப தொடணும்போல இருக்கு. ஆனா தொட்டதில்ல."

கறார் அந்தக் கையைக் குனிந்து பார்த்தார். பிறகு மனைவியிடம் திரும்பினார். "எதுக்கு சண்டை உங்களுக்குள்ள?"

"எங்க அம்மாவுக்கு மூட்டு வலின்னு கம்பெனியில இருந்து ஒரு டப்பா மாத்திரை வாங்கிட்டு வந்தேன். ஊருக்கே விக்கறாரு, மாமியாருக்கு ஒரு டப்பா பெரிசான்னு நினைச்சேன். டப்பாவைப் பார்த்ததும் பேயாட்டம் ஆடினாரு. தெருவுல தூக்கி எறிஞ்சுட்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கிட்டாரு. கம்பெனி சரக்கு வீட்டு வாசல் தாண்டக் கூடாதாம்."

"அது அண்ணனோட கொள்கை" என்றாள் தங்கை வெடுக்கென்று. "தொழிலையும் வீட்டையும் கலக்க மாட்டாரு."

"நல்ல கொள்கை" என்றார் கறார். "அவர் ரூமைப் பார்க்கணும்."

முதலாளியின் அறையில், துணி அலமாரிக்குள் சட்டைகளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. கழுத்து வரை கருஞ்சிவப்பு மாத்திரைகள். இன்ஸ்பெக்டர் கையை வீசினார். "அதெல்லாம் பார்த்தாச்சு. அவரோட கம்பெனி மாத்திரைதான். மேல இலை முத்திரை இருக்கு பாருங்க. மாத்திரைக்காரர் வீட்டுல மாத்திரை இல்லாம மண்ணெண்ணெயா இருக்கும்?"

கறார் ஜாடியைக் கட்டில்மேல் கவிழ்த்தார். விரலால் பரப்பி ஒவ்வொன்றாகப் புரட்டினார். லொள்ளுவும் குனிந்து பார்த்தான். எல்லாவற்றிலும் பொடி எழுத்து அளவுக்கு அதே இலை முத்திரை.

"இதை யாரு சாப்பிடுவாங்க?"

"அவரு மட்டும்தான்" என்றாள் வாசலில் நின்ற மனைவி. "குளிச்சிட்டு வந்ததும் ஒண்ணு எடுத்துச் சட்டைப்பையில போட்டுக்குவாரு. மூக்குக் கண்ணாடி ஹால்ல கிடக்கும், அது இல்லாம மாத்திரையைத் தடவித்தான் எடுப்பாரு. என்ன ஏதுன்னு கேட்டா எரிஞ்சு விழுவாரு."

கறார் மாத்திரைகளை மறுபடி ஜாடிக்குள் அள்ளிப் போட்டு, ஜாடியை லொள்ளுவின் கையில் திணித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இந்த முகத்தை லொள்ளுவுக்குத் தெரியும். எதிராளியின் பொய்யில் ஓட்டையைப் பார்த்துவிட்டால் மேடம் இப்படித்தான் மரக்கட்டையாகிவிடுவார்.

"வண்டியை எடு. கம்பெனிக்கு."

*

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் லொள்ளுவின் பையைத் திறந்து மூக்கை விட்டு மோந்தான்.

"அண்ணே, துவைக்காத துண்டு ஒண்ணு இருக்கு. உங்க உயிருக்கு நான் பொறுப்பில்ல."

வாட்ச்மேன் சிரிக்கவில்லை. முதலாளி விழுந்த நாளிலிருந்து அந்த இடத்தில் யாருமே சிரிப்பதில்லை போலிருந்தது. ரிசப்ஷனில் இருந்த பெண் கறாரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேக்கிங் ஹாலில் வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள், கேட்ட கேள்விக்கு எல்லாம் "எங்களுக்குத் தெரியாதுங்க" என்று ஒரே பாட்டைப் பாடினார்கள்.

பேசியது ஒன்றே ஒன்றுதான், ரிசப்ஷன் சுவரில் இருந்த டி.வி. முதலாளி மாத்திரை முழுங்கும் காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சட்டை, ஆனால் ஒரே சிரிப்பு. "நான் சாப்பிடாததை உங்களுக்குக் கொடுக்க மாட்டேன்!"

"நல்லாப் பாரு. என்ன தெரியுது?" என்றார் கறார்.

"பல்லு வரிசையா இருக்கு மேடம். சொந்தப் பல்லான்னு சந்தேகம்."

"கையைப் பாரு, கழுதை."

லொள்ளு கையைப் பார்த்தான். கையுறை போட்ட வலது கை தட்டிலிருந்து மாத்திரையை எடுக்கிறது. கேமராவுக்குக் காட்டுகிறது. இடது கை சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைக்கிறது. அப்புறம் வலது கை வாயருகே போகிறது, முதலாளி முழுங்குகிறார். கையுறையைச் சுருட்டிக் கழற்றிக் குப்பைக்கூடையில் போடுகிறார். அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே.

"அட! சாப்பிட்டுட்டு வாய் துடைக்கறவங்களைப் பார்த்திருக்கேன். துடைச்சுட்டுச் சாப்பிடற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்!"

"கைக்குட்டைக்குள்ள இருந்து வாய்க்குப் போனது வீட்டு மாத்திரை. தட்டுல எடுத்தது கையுறையோட கூடைக்குப் போயிடுச்சு. தான் செய்யற மாத்திரையை இந்த ஆள் ஒரு நாள் கூட முழுங்கினதில்ல. அதைத் தொடறதுக்கே கையுறை வேணும்."

"ஏன் மேடம்?"

"கிடங்கைப் பார்த்தாத் தெரியும்."

கிடங்கின் சாவி ஸ்டோர்கீப்பரிடம் இருந்தது. நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், கதவுக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"முதலாளி உத்தரவு இல்லாம திறக்க முடியாது. முதலாளிகிட்ட போய் வாங்கிட்டு வாங்க."

"அவரு கண்ணையே திறக்கல, கதவைத் திறக்கச் சொல்லணுமா?" என்றான் லொள்ளு.

"இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டா பூட்டை உடைச்சுத் திறப்பாரு" என்றார் கறார். "அப்ப நீங்க சாவி வச்சிருந்தவர் இல்ல, மறைச்சு வச்சிருந்தவர். எது வசதி?"

ஸ்டோர்கீப்பர் முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். உள்ளே சாக்குகள் சுவர் சுவராக அடுக்கியிருந்தன. ஒரு பக்கம் பொடி அடைப்பதற்கான காலி மாத்திரைக் கூடுகள், ஒரு பக்கம் அட்டைப்பெட்டிகள், கடைசி வரிசையில் 'திராட்சை விதைச் சத்து' என்று அச்சடித்த பெரிய சாக்குகள். அந்த வரிசையைச் சுற்றி மட்டும் தரை முழுக்க எலிப்பொறிகள். இரண்டில் எலியும் மாட்டியிருந்தது. அடிச் சாக்கின் ஓரத்தைக் கடித்துக் குதறி, செம்பழுப்புப் பொடியை வெளியே இழுத்துப் போட்டிருந்தன.

கறார் தன் கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். நிஜமான திராட்சை விதைப் பொடி, காலையில் மருந்துக்கடையில் வாங்கியது. "வாயைத் திற" என்று லொள்ளுவின் நாக்கில் ஒரு சிட்டிகை வைத்தார்.

லொள்ளுவின் முகம் கோணியது. நாக்கு மேலண்ணத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. "த்தூ! என்ன மேடம் இது? பச்சை வாழைக்காய்க்குப் பசை தடவின மாதிரி!"

"இதை எலி தின்னுமா?"

"செத்த எலி கூடத் தின்னாது."

"அப்ப இந்த எலிங்க எதைத் தேடி வருதுங்க?" கறார் ஸ்டோர்கீப்பரை நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் பொறிங்களை வச்சது நீங்க. எலி எந்தச் சாக்குக்கு வரும்னு உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. சொல்றீங்களா, நானே சொல்லட்டுமா?"

அவ்வளவு நேரம் விறைத்துக்கொண்டு நின்ற ஆள் பொசுக்கென்று அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கடலைத் தோல்ங்க. எண்ணெய் ஆலையில கழிச்சுப் போடறதை வாங்கி அரைக்கறது. பருப்புத் தூளும் கொஞ்சம் கலந்திருக்கும், அதுக்குத்தான் எலி வருது. நிறமும் அதே நிறம், துவர்ப்பும் அதே துவர்ப்பு. கூட்டுக்குள்ள போட்டுட்டா யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது? நானும் முதலாளியும் பொடி அரைக்கற பையன்களும் தவிர யாருக்கும் தெரியாது. முதலாளி இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாரு."

"பயம் உயிருக்கு. ஆனா அவர் உயிருக்கு மட்டும்" என்றார் கறார்.

லொள்ளுவுக்குக் கேட்டில் சாப்பாட்டு டப்பாவை மோந்து பார்க்கிற வாட்ச்மேன் ஞாபகம் வந்தது. ஒரு கடலை உள்ளே போகாமல் காவல் வைத்துவிட்டு, மூட்டை மூட்டையாகக் கடலையை வெளியே அனுப்பியிருக்கிறான் இந்த மனுஷன். வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை.

கறார் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். மறுமுனையில் இன்ஸ்பெக்டர் சிரித்தார். பக்கத்தில் நின்ற லொள்ளுவுக்கே கேட்டது.

"மேடம், ரொம்ப நன்றி! எனக்கு இருந்த ஒரே இடைஞ்சலும் போயிடுச்சு. கடலை எங்கேருந்து வந்ததுன்னுதான் தெரியாம இருந்தது. நல்ல மாத்திரை இருந்த ஜாடியில கடலை மாத்திரையைப் போட்டிருக்கா. ஜாடி இருந்தது அவ படுக்கற ரூம்ல. கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வாங்க, புருஷனைக் கடைசியாப் பார்க்கணும்னு கேட்டா. அங்கேருந்தே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"மேடம்" என்றான் லொள்ளு பரிதாபமாக. "காப்பாத்தச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நாம தூக்குக் கயிறு திரிச்சுக் குடுத்துட்டோம்."

"வாயை மூடிட்டு ஜாடியைப் பத்திரமாப் பிடி."

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பெண் போலீஸ்காரர்களுக்கு நடுவில் மனைவி உட்கார்ந்திருந்தாள். தங்கை எதிர் பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்து, போகிற வருகிற நர்ஸ்களிடம் எல்லாம் "இவதான், இவதான்" என்று விரலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

கறார் நேராகப் போய் ஜாடியை இன்ஸ்பெக்டரின் மடியில் வைத்தார்.

"ஒரு சந்தேகம். நீங்க ஒருத்தரைக் கொல்லணும்னு ஜாடியில விஷ மாத்திரை வைக்கறீங்க. எத்தனை வைப்பீங்க?"

"ஒண்ணு. ரெண்டு. மீறிப்போனா ஒரு கைப்பிடி."

"இதுல அத்தனையும் கம்பெனி மாத்திரை. நல்லது ஒண்ணு கூட மிச்சமில்ல. அப்ப பழைய மாத்திரை எல்லாம் எங்க போச்சு?"

இன்ஸ்பெக்டர் ஜாடியைப் பார்த்தார். ஜாடி அவரைப் பார்த்தது.

"கொல்ல வந்தவங்க வச்சுட்டுப் போவாங்க" என்றார் கறார். "முழுசையும் காலி பண்ணி, அளவு குறையாம நிரப்பி வச்சிருக்காங்கன்னா, அவங்க வைக்க வந்தவங்க இல்ல சார். எடுக்க வந்தவங்க. திருட்டு தெரியக் கூடாதேன்னு கையில கிடைச்சதைப் போட்டு நிரப்பியிருக்காங்க. கம்பெனியில இருந்து மாத்திரையை அள்ளிட்டு வர முடிஞ்சவங்க. அது நிஜமான திராட்சை விதைன்னே நம்பினவங்க."

தங்கையின் விரல் அந்தரத்தில் நின்றது.

கறார் அவள் பக்கம் திரும்பவே இல்லை. இன்ஸ்பெக்டரிடம்தான் பேசினார், ஆனால் வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி. "எடுத்தவங்களைச் சீக்கிரம் கண்டுபிடிக்கணும் சார், அவங்க நல்லதுக்குத்தான். இங்க டாக்டரைக் கேட்டுட்டுத்தான் வரேன். கால் நரம்பு வீக்கத்துக்கு ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை குடுப்பாங்க இல்ல? அதோட இந்தத் திராட்சை விதையையும் அள்ளிப் போட்டா ரத்தம் ரொம்ப இளகிடலாமாம். லேசா இடிச்சாலே கன்னிப்போகும், உள்ளுக்குள்ள கசிஞ்சா உயிருக்கே ஆபத்துங்கறாரு."

"எவ்வளவு சாப்பிட்டா ஆபத்து?"

கேட்டது தங்கை. கேட்ட பிறகுதான் கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. சட்டைக் கையை அவசரமாக மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அதை இழுத்து மூடாதீங்க" என்றான் லொள்ளு. "உங்க அண்ணி அடிச்ச அடின்னு இன்ஸ்பெக்டர் எழுதி வச்சிருக்காரு. அடிச்சுத் திருத்தட்டும்."

அவள் உடைந்துவிட்டாள். அழுகையிலும் ஆத்திரம்தான் அதிகம். "ஆமா, எடுத்தேன்! டாக்டர் குடுத்த மாத்திரையோட கம்பெனி மாத்திரையையும் மாசக்கணக்காச் சாப்பிட்டும் என் கால் வீக்கம் இறங்கல. அண்ணன் மட்டும் வெளிநாட்டுல இருந்து வரவழைச்சு ஒளிச்சு வச்சுச் சாப்பிடறாரு. கூடப் பிறந்தவ காலைத் தூக்கிட்டு நடக்கறாளே, அவளுக்குக் குடுப்போம்னு தோணுச்சா? குறைஞ்சது தெரியக் கூடாதுன்னு நம்ம மாத்திரையைப் போட்டேன். நம்ம மாத்திரைதானே! நான் என்ன கண்டேன்? அதுவும் திராட்சை விதைதானே!"

"டப்பாவுல அப்படித்தான் போட்டிருக்கு" என்றார் கறார்.

பெண் போலீஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மனைவியின் பக்கத்திலிருந்து எழுந்து நின்றார்கள். இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார். மன்னிப்பு கேட்க வாய் வராமல், "நீங்க போகலாம்மா" என்றார்.

மனைவி போகவில்லை. நாத்தனார் மேல் பாய்வாள் என்று லொள்ளு எதிர்பார்த்தான். நாத்தனாரை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"மேடம், கடலை ஆகாதவங்க வெளியிலயும் இருப்பாங்க இல்ல? இவரு மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டவங்கள்ல?"

"இருப்பாங்க."

"அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. யாரும் மாத்திரையைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டாங்க. அன்னிக்குச் சமைச்சுப் போட்டவங்களைத்தான் சந்தேகப்பட்டிருப்பாங்க."

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "கண் முழிச்சுட்டாரு. பேசறாரு. வீட்டுக்காரம்மா யாரு?"

மனைவி உள்ளே போனாள். இன்ஸ்பெக்டர் பின்னாலேயே போக, கறாரும் லொள்ளுவும் வாசலில் நின்றார்கள். முதலாளி தலையணையில் ஒட்டிக் கிடந்தார். முகம் வீங்கி, உதடு வெடித்திருந்தது. சிரிப்பு மட்டும்தான் காணோம், கோபம் அப்படியே இருந்தது. மனைவியைப் பார்த்ததும் கண் சிவந்தது.

"ஜாடியில கை வச்சது யாருடி?" குரல் கரகரவென்று வந்தது. "எனக்குக் கடலையைப் போட்டது யாரு? சொல்லு, அவங்களைச் சும்மா விட மாட்டேன்."

மனைவி கட்டிலருகே போய், அவர் கண்ணுக்கு நேராகக் குனிந்தாள்.

"நீங்கதான்" என்றாள்.

பிறகு நகர்ந்து, இன்ஸ்பெக்டருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.